தொலைவிலிருந்து விற்பது எப்படி: முதல் மெயிலிலிருந்து கையெழுத்து வரை

நேரில் போய் விற்பதில் பல வசதிகள் உண்டு. எதிரே இருப்பவர் முகம் சுளித்தால் பேச்சை மாற்றலாம், அவருடைய மேலாளர் அந்தப் பக்கம் வந்தால் எழுந்து ஒரு வணக்கம் வைக்கலாம், கிளம்பும்போது வாசல்வரை வந்து அவர் சொல்லும் இரண்டு வார்த்தையிலேயே உண்மை நிலவரம் தெரிந்துவிடும். ஆன்லைனில் இது எதுவும் கிடையாது. 2017இல் வெளியான ரோகனிசாத், போன்ஸ் இருவரின் ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சின்னக் கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்லி நேரிலும் மெயிலிலும் கேட்டுப் பார்த்தார்கள். நேரில் கேட்டது 34 மடங்கு பலித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்கப் போனவர்கள் இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று முன்கூட்டியே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக ஆன்லைன் விற்பனை உருப்படாது என்று அர்த்தமில்லை. நேரில் செய்வதையே கேமரா முன் உட்கார்ந்து செய்தால் உருப்படாது, அவ்வளவுதான். உங்களிடம் பேசும் நபர் பெரும்பாலும் தனியாக முடிவெடுப்பவர் இல்லை. வீடியோ கால் முடிந்ததும் அவர் தன் முதலாளியிடமோ கணக்குப் பிரிவிடமோ போய், நீங்கள் சொன்னதைத் தன் வார்த்தையில் சொல்லப் போகிறார். அந்தப் பேச்சில்தான் முடிவு எடுக்கப்படுகிறது, அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதை அவர் இன்னொருவரிடம் அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியுமா?

1. மெயில் போய்ச் சேருகிறதா என்று முதலில் பாருங்கள்

நிறையப் பேர் எழுத்தை மெருகேற்றுவதில் நாள் கணக்கில் செலவழிக்கிறார்கள், மெயில் நேராக ஸ்பேமுக்குப் போவது தெரியாமலேயே. சொந்த டொமைனில் (உங்கள் இணையதளத்தின் பெயரில்) இருந்து அனுப்புங்கள். மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று இணையதளம் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள், அதிக நேரம் பிடிக்கும் வேலை இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம், ஸ்பேம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். நீங்கள் அவ்வளவு அனுப்பாவிட்டாலும் அடிப்படைப் பதிவு இல்லாத டொமைனுக்கு மரியாதை குறைவு.

இன்னொன்று. கேட்காதவர்களுக்கு விற்பனை மெயில் அனுப்புவதற்குப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டப்படி, இனி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்தியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் அமலில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இதைவிடக் கடுமையானது. கிளையண்ட் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

2. முதல் செய்தி

சுருக்கமாக எழுதுங்கள், போனில் ஸ்க்ரோல் செய்யாமலே படித்து முடிக்கும் அளவுக்கு. உங்கள் நிறுவனம் எப்போது தொடங்கப்பட்டது, என்ன விருது வாங்கியது என்பதெல்லாம் முதல் மெயிலில் யாருக்கும் வேண்டாம். அவருடைய வேலையைப் பற்றி நீங்கள் கவனித்த ஒரு விஷயம், அதில் வரக்கூடிய ஒரு சிக்கல், பதில் சொல்லச் சுலபமான ஒரு கேள்வி. இவ்வளவு போதும். சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கும் மென்பொருள் ஒன்றை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம் (இந்த உதாரணத்தையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்):

"வணக்கம். உங்கள் மூன்றாவது கிடங்கு திறந்த செய்தியைப் பார்த்தேன், வாழ்த்துகள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரே சரக்கு ஒரு கிடங்கில் தீர்ந்தும் இன்னொன்றில் தேங்கியும் கிடப்பது பல இடங்களில் நடக்கிறது. உங்களிடம் அந்தக் கணக்கை இப்போது யார் பார்க்கிறார்கள்?"

கடைசிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம், அல்லது மெயிலையே அந்த ஆளுக்குத் தள்ளிவிடலாம். இரண்டுமே உங்களுக்கு லாபம்.

முதல் தொடர்பை வாட்ஸ்அப்பில் ஆரம்பிக்காதீர்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் விற்பனைச் செய்தியை யாரும் ரசிப்பதில்லை, பிளாக் செய்ய ஒரு தொடுதல் போதும். அவரே அங்கே பேச ஆரம்பித்தால் தாராளமாகப் பேசுங்கள். நேரம் மாற்றுவது, சின்னச் சந்தேகம் தீர்ப்பது போன்றவற்றுக்கு அது அருமையான இடம். ஆனால் விலை, காலக்கெடு, ஒப்புக்கொண்ட விஷயம் எதுவானாலும் அன்றே மெயிலிலும் போட்டுவிடுங்கள். வாய்ஸ் நோட் மட்டும் வேண்டவே வேண்டாம். நான்கு நிமிட வாய்ஸ் நோட்டைத் தேடி எடுக்க முடியாது, மேலோட்டமாகப் படிக்க முடியாது, முதலாளிக்கு அனுப்பவும் முடியாது. அனுப்பியவருக்கு மிச்சமான நேரத்தைக் கேட்பவர் தலையில் கட்டுகிற வேலை அது.

3. அவர்களே விசாரித்தால் உடனே பதில்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வேகம்தான். 2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஆய்வு ஒன்றில், இணையம் வழியாக வந்த விசாரணைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்ன நிறுவனங்கள், அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவற்றைவிட, முடிவெடுக்கும் ஆளோடு உருப்படியாகப் பேசும் வாய்ப்பை ஏறக்குறைய 7 மடங்கு அதிகம் பெற்றன. முழுப் பதில் தயாராக இல்லையென்றால் "பார்த்துவிட்டேன், மாலைக்குள் விவரமாக எழுதுகிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். மாலைக்குள் எழுதியும் விடுங்கள்.

4. நேரம் குறிப்பது

வேறு நாட்டுக் கிளையண்ட் என்றால் அவருடைய நேரத்தை எழுதி, பக்கத்தில் உங்கள் நேரத்தையும் எழுதுங்கள். அப்புறம் காலண்டர் இன்வைட் அனுப்புங்கள், அது தானாகவே அவரவர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் தேவை: அமெரிக்காவில் கோடைக்கால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது) மார்ச்சின் இரண்டாவது ஞாயிறும் ஐரோப்பாவில் கடைசி ஞாயிறும் தொடங்குகிறது, இடைப்பட்ட நாட்களில் வழக்கமான கணக்கில் ஒரு மணி நேரம் இடிக்கும். அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் இதே கதை.

இன்வைட்டின் தலைப்பு வெறும் "அறிமுகக் கால்" என்று இருந்தால் அவருடைய காலண்டரில் அது இன்னொரு தொல்லையாகத்தான் தெரியும். "மூன்று கிடங்குகளின் இருப்பு: இப்போதைய முறையும் மாற்று வழிகளும், 25 நிமிடம்" என்று இருந்தால், வேறு யாரையும் கூட்டி வரலாமே என்று அவருக்கே தோன்றும்.

5. வீடியோ காலுக்கான கருவிகள்

படத்தைவிட ஒலி முக்கியம். மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், விட்டுவிட்டுக் கேட்கும் குரலைப் பொறுக்க மாட்டார்கள். மைக் வைத்த ஹெட்செட் ஒன்றும், முடிந்தால் வைஃபைக்குப் பதில் கேபிள் இணைப்பும் ஏற்பாடு செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பேச்சில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி மிகச் சின்னது. 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில் அது சராசரியாக 200 மில்லிசெகண்ட் அளவில் இருந்தது, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், இணைப்பு கொஞ்சம் மந்தமானாலே இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, "சொல்லுங்கள்", "இல்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்று முட்டிக்கொள்வது ஏன் என்று புரியும். 2014இல் வந்த இன்னொரு ஆய்வில், இணைப்பில் தாமதம் இருந்தபோது கேட்டவர்கள் இணைப்பைக் குறை சொல்லவில்லை. எதிரே பேசியவர் கவனமில்லாதவர், சிநேகமில்லாதவர் என்று எடைபோட்டார்கள். உங்கள் வைஃபை செய்த தப்புக்கு உங்கள் குணத்தில் மதிப்பெண் குறைகிறது.

அதனால் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும்.

மற்றவை எல்லாம் சில்லறை விஷயங்கள். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். திரையில் உங்கள் முகத்தையே நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது சோர்வைக் கூட்டும் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார், அந்தக் காட்சியை மறைக்கும் வசதி ஜூமில் இருக்கிறது. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள், விலை பேசும்போது அறுந்தால் வேண்டுமென்றே ஓடிப்போனது போல் இருக்கும். வீடியோ காலைப் பதிவு செய்ய வேண்டுமானால் முதலிலேயே அனுமதி கேளுங்கள். சில இடங்களில் சட்டமே அப்படி, கலிஃபோர்னியாவில் ரகசியப் பேச்சைப் பதிவு செய்யப் பேசும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

6. முதல் கால்: கேட்கும் வேலை

பத்து ஸ்லைடு போட்டுப் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் கேமராவை அணைத்துவிட்டு வேறு மெயில் படிப்பார். குற்றம் சொல்ல முடியாது, நானும் அதைத்தான் செய்வேன். அதனால் முதல் காலில் ஸ்லைடே வேண்டாம். நிகழ்ச்சி நிரலை இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கேள்விக்குப் போங்கள்.

"உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறீர்கள், ஆரம்பத்திலிருந்து சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். "கடைசியாக எப்போது கணக்கு இடித்தது, அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அப்போதுதான், ஒரு பெரிய ஆர்டருக்குச் சரக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, கிடங்கில் போய்ப் பார்த்தால் பாதிதான் இருந்தது என்ற கதை வெளியே வரும். அந்தக் கதையை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பயன்படப்போகிறது. தொடர்ந்து, "இதை இப்படியே விட்டால் ஆறு மாதத்தில் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். ஒன்றும் ஆகாது என்றால் அவர் இப்போது வாங்கப் போவதில்லை, அதைத் தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

அடுத்த கேள்வி கொஞ்சம் நாசூக்கானது. யார் முடிவெடுப்பார்கள் என்று தெரிய வேண்டும், ஆனால் "முடிவெடுப்பது நீங்கள்தானா?" என்று நேரடியாகக் கேட்டால் ஆள் சங்கடப்படுவார், அல்லது கௌரவத்துக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார். "இதற்கு முன் இதுபோல ஏதாவது வாங்கியபோது யார் யார் பார்த்தார்கள், எவ்வளவு நாள் ஆனது?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்வதில் யாருக்கும் கூச்சமில்லை. நிதிப் பிரிவு பார்த்தது, ஐடி பார்த்தது, மூன்று மாதம் இழுத்தது என்று முழு வரைபடமும் கைக்கு வந்துவிடும்.

காலில் நான்கைந்து பேர் இருந்தால் பொதுவாக "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்பது வீண். பெயர் சொல்லிக் கேளுங்கள், அதுவும் பெயரை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேள்வியைச் சொல்லுங்கள். வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மானம் காத்துக்கொள்ள இரண்டு நொடி கிடைக்கும். வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருப்பார், அநேகமாகப் பின்னால் தடை சொல்லப்போவது அவர்தான். உங்கள் பக்கம் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பேசட்டும், மற்றவர் முகங்களையும் சாட்டையும் கவனிக்கட்டும்.

முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே பேச்சை நிறுத்தி அடுத்தது என்ன, யார், எந்தத் தேதியில் என்று பேசுங்கள். அடுத்த காலின் நேரத்தை அந்தக் காலிலேயே இருவரும் காலண்டரைத் திறந்து போட்டுவிட வேண்டும். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பிரிந்தால் அடுத்த தேதி பிடிக்க ஒரு வாரம் மெயில் போடுவீர்கள்.

7. அன்றே ஒரு மெயில்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நன்றி மெயில் இல்லை இது. அவர் முதலாளியிடம் ஃபார்வர்ட் பட்டனை மட்டும் அழுத்தி அனுப்பக்கூடிய மெயில். காலுக்கே வராத ஒருவர் படித்தாலும் புரிய வேண்டும், அவர்கள் சொன்ன வார்த்தைகள் அதில் இருக்க வேண்டும்.

"இன்று பேசியதன் சுருக்கம். மூன்று கிடங்குகளின் இருப்பும் தனித்தனி எக்செல் கோப்புகளில் இருக்கிறது, வாரம் ஒருமுறைதான் சேர்க்கப்படுகிறது. போன மாதம் ஒரு பெரிய ஆர்டருக்குச் சரக்கு இருப்பதாக ஒப்புக்கொண்ட பிறகு பாதிதான் இருந்தது என்று சொன்னீர்கள். பண்டிகை விற்பனைக்கு முன் மூன்றையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்பது உங்கள் எதிர்பார்ப்பு. உங்கள் ஐடி குழுவுக்குத் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கேள்வி இருக்கிறது, அதற்கான பதிலை நாளை அனுப்புகிறேன். வியாழன் காலை 11 மணிக்கு உங்கள் மாதிரித் தரவை வைத்து டெமோ. நான் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்."

கடைசி வரி சும்மா மரியாதைக்காகப் போட்டது இல்லை. திருத்தி ஒரு பதில் வந்தால் அவர் அக்கறையோடு இருக்கிறார். நீங்கள் எழுதாத ஒரு காரணம் அந்தத் திருத்தத்தில் இருந்தால் அதுதான் உண்மையான காரணம்.

மெயிலில் கிண்டல், சிலேடை எதுவும் வேண்டாம். 2005இல் வந்த ஒரு ஆய்வில், எது கிண்டல், எது நிஜம் என்று படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள், உண்மையில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது 56 சதவீதம்தான். காசைச் சுண்டிவிட்டுச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

8. டெமோ

எல்லாவற்றையும் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன கதையிலிருந்தே தொடங்குங்கள்: "அந்தப் பெரிய ஆர்டர் வந்த நாளன்று இந்தத் திரை இருந்திருந்தால் இப்படித் தெரிந்திருக்கும்." இரண்டு மூன்று விஷயம் காட்டினால் போதும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "இது உங்களிடம் எப்படி நடக்கும்?" என்று கேளுங்கள். முடிந்தால் மவுஸ் கட்டுப்பாட்டை அவரிடமே கொடுத்து அவரையே செய்யச் சொல்லுங்கள். தடுமாறினால் அவசரப்பட்டுக் கைகொடுக்காதீர்கள், எங்கே தடுமாறுகிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முழுத் திரையைப் பகிராமல் ஒரு ஜன்னலை மட்டும் பகிருங்கள். அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். இன்னொரு கிளையண்ட்டின் பெயரும் விலையும் உங்கள் திரையில் மின்னி மறைந்தால், தன்னுடையதும் இப்படித்தான் அடுத்தவருக்குத் தெரியும் என்று அவர் முடிவுகட்டிவிடுவார். டெமோ முடிந்ததும் முழுப் பதிவை அனுப்புவதைவிட, முக்கியமான பகுதியை மட்டும் மூன்று நிமிட வீடியோவாக எடுத்து அனுப்புவது மேல். ஒரு மணி நேரப் பதிவை எந்த முதலாளியும் பார்க்க மாட்டார்.

9. விலை

ப்ரொபோசலை மெயிலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் பல டீல்கள் செத்துப்போகிற இடம். அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தொகையைப் பார்ப்பார், உங்கள் நியாயம் எதுவும் அங்கே பேசாது. முதலில் காலில், வாயால் விலையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். "ஆனால் குறைக்கவும் முடியும்" என்று நீங்களே தொடரப் பார்ப்பீர்கள், அந்த வாக்கியத்தை விழுங்குங்கள். அதன் பிறகு ஆவணத்தைத் திரையில் சேர்ந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

முதல் பக்கம் தனியாக நின்றாலும் புரிய வேண்டும்: என்ன சிக்கல், என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு, எப்போது, இந்த விலை எந்தத் தேதிவரை. கோப்பின் பெயர் "கொட்டேஷன் ஃபைனல் 2" என்று இருக்க வேண்டாம், அவர்கள் பெயரும் தேதியும் இருக்கட்டும்.

தள்ளுபடி கேட்டால் சும்மா கொடுக்காதீர்கள், எதையாவது மாற்றிக்கொண்டு கொடுங்கள்: முன்பணம், நீண்ட ஒப்பந்தம், குறைந்த வேலை, ஏதாவது ஒன்று. ஒரே மெயிலில் 15 சதவீதம் இறங்கினால் முதலில் சொன்ன விலை பொய் என்றுதான் ஆகும். "விலை அதிகம்" என்று மெயிலில் வந்தால் மெயிலில் வாதாட வேண்டாம், போனை எடுங்கள். எதோடு ஒப்பிட்டு அதிகம் என்கிறார் என்பது பேசினால்தான் தெரியும்.

10. பதிலே வரவில்லை என்றால்

"சும்மா ஞாபகப்படுத்தலாம் என்று" எழுதும் மெயில்களை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஃபாலோ-அப்பிலும் அவருக்கு உதவும் ஒன்று இருக்க வேண்டும்: ஐடி குழு கேட்ட கேள்விக்குப் பதில், நிதிப் பிரிவுக்கு ஒரு பக்கக் கணக்கு, அதே அளவு நிறுவனத்தின் அனுபவம். மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள், வழியையும் மாற்றுங்கள், ஒன்று மெயில் என்றால் அடுத்தது போன்.

மெயிலைத் திறந்துவிட்டார் என்று காட்டும் மென்பொருளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பாதுகாப்பு வசதி படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், படிக்காத மெயிலும் படித்ததாகக் காட்டும். "நேற்று என் மெயிலைத் திறந்தீர்களே" என்று பேச்சை ஆரம்பிப்பது எப்படியும் அநாகரிகம்.

எல்லாம் செய்தும் மௌனம் என்றால் கடைசியாக ஒன்று: "இப்போதைக்கு இது உங்கள் முன்னுரிமையில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன், என் பக்கம் மூடி வைக்கிறேன். பண்டிகைக் காலம் முடிந்ததும் ஒருமுறை கேட்கட்டுமா?" கோபமோ குத்தலோ இல்லாமல் எழுதினால், இதுவரை வாய் திறக்காதவர்களிடமிருந்தும் பதில் வருவதுண்டு. வராவிட்டால் சொன்னபடியே மூடிவிடுங்கள்.

11. சம்மதம் வந்த பிறகு

சம்மதம் வாயால் வந்த அன்றே, கையெழுத்துப் போடுபவர் யார், பர்சேஸ் ஆர்டர் வேண்டுமா, வெண்டராகப் பதிவு செய்ய என்னென்ன ஆவணம் என்று கேட்டுவிடுங்கள். மின்கையெழுத்து பெரும்பாலான வணிக ஒப்பந்தங்களுக்குச் செல்லும், அமெரிக்காவில் 2000 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் தனி விதி உண்டு. லிங்க்கை அனுப்பிவிட்டு விடாமல், கையெழுத்து எங்கே என்று காட்ட ஐந்து நிமிடக் கால் ஒன்று வையுங்கள்.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கையையும் முதல் இன்வாய்ஸோடு எழுதிவிடுங்கள். மெயில் கணக்கை ஹேக் செய்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று கிளையண்ட்டுக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. "எங்கள் கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு அனுப்புங்கள்" என்ற வரி போதும்.

அப்புறம் வேலையைச் செய்யப்போகும் குழுவிடம் ஒப்படைக்கும் கால். அதில் நீங்களும் இருங்கள், ஏழாம் படியில் எழுதிய மெயிலை முந்தைய நாளே அந்தக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். காலின் முதல் கேள்வியாக "உங்கள் தேவை என்ன என்று சொல்கிறீர்களா?" என்று உங்கள் ஆளே கேட்டுவைத்தால், இவ்வளவு நாள் நாம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்று கிளையண்ட் யோசிப்பார்.